மேற்கோள் குறியை எடுப்பதா, கதைசொல்லியை ஊர்ப்பேச்சுக்கு மாற்றுவதா?

கொங்கு நாட்டைக் களமாக வைத்துக் கதை எழுதுகிறவர்கள் விதியை மீறுவது என்று முடிவு செய்துவிட்டால், பெரும்பாலும் நாலு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். உரையாடலுக்கு மேற்கோள் குறி போடாமல் விடுவது. கதைசொல்லியையும் ஊர்ப்பேச்சிலேயே பேச வைப்பது. இறந்தகாலத்தை விட்டுவிட்டு நிகழ்காலத்தில் சொல்வது. முற்றுப்புள்ளி இல்லாமல் பக்கக் கணக்கில் வாக்கியத்தை ஓட்டுவது. நாலும் ஒரே வகைத் துணிச்சலாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் வாசகரிடம் கேட்கும் உழைப்பு வேறு. சில சேர்க்கைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சில சேர்க்கைகள் நல்ல கதையையும் படிக்க முடியாததாக்கிவிடும். எதை எடுத்தால் எது போகிறது, போனதை எதைக் கொண்டு ஈடுகட்டலாம் என்று பார்த்த பிறகு தேர்ந்தெடுப்பதுதான் கதைக்கு நல்லது.

மீறலை இலக்கணத்துக்குப் பகையாக நினைக்க வேண்டியதே இல்லை. தமிழ் இலக்கணம் வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை) என்ற இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றையும் வைத்திருக்கிறது. பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை மயக்கம். உவப்பினால் சொன்னது என்பதால் அது அமைதியாகிவிடுகிறது. நன்னூல் இதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு என்று காரணங்களையே பெயர் சொல்லி அடுக்குகிறது. அந்த நூலைச் செய்த பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று வழிவழியாகச் சொல்வது இந்த நாட்டு எழுத்தாளர்களுக்குப் பெருமைதான். பெருமையைவிடப் பயன் பெரியது: நாம் செய்யும் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரே சொல்லில் காரணம் சொல்ல முடிகிறதா என்று அந்தச் சூத்திரத்தைப் போலவே கேட்டுப் பார்க்கலாம். ‘வேகம்’, ‘பயம்’, ‘பெரியவரின் வாய்’ என்று ஏதாவது ஒரு சொல் வர வேண்டும். ‘புதுமை’ என்ற சொல்தான் வருகிறது என்றால் அந்த மீறல் இன்னும் முதிரவில்லை.

ஒரே காட்சி, நாலு விதமாக

மாடு கட்டும் இடமான கட்டுத்தறியில் ஒரு மயிலைக் காளைக்கன்று. மயிலை என்பது மாட்டின் நிறம்; பல் போடுவது வயது வந்ததற்கு அடையாளம். வாங்கித் தர வந்த தரகர் வயதில் இளையவர். கன்றுக்காரப் பெரியவரை முறைக்கு மாமா என்று கூப்பிடுகிறார். துண்டைப் போட்டு மறைத்து, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்து முறைப்படி எழுதினால் இப்படி வரும்:

தரகர் துண்டை விரித்தார். பெரியவர் கையை உள்ளே நுழைத்தார். “இந்த விலைக்குக் கட்டுபடியாகாது” என்றார் பெரியவர். “மயிலைதான் மாமா. ஆனால் இன்னும் பல் போடவில்லையே” என்றார் தரகர். “பல் போட்டிருந்தால் நீ எதற்கு? நானே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்” என்றார் பெரியவர்.

குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் ஆட்கள் இல்லை. தாராபுரமா தஞ்சாவூரா என்பதும் தெரியவில்லை. இனி பேச்சை மட்டும் ஊர்ப்பேச்சாக்குவோம். கதைசொல்லி பொதுத்தமிழிலேயே இருக்கட்டும்:

தரகர் துண்டை விரித்தார். பெரியவர் கையை உள்ளே நுழைத்தார்.
“இதுக்குக் கட்டாதப்பா.”
“மயிலைதானுங்க மாமா. பல்லு இன்னும் போடலீங்களே.”
“பல்லு போட்டிருந்தா நீ எதுக்கப்பா? நானே சந்தைக்கு ஓட்டீட்டுப் போயிருப்பனே.”

மூன்று ‘என்றார்’ போய்விட்டன. யாரும் தேடவில்லை. பெரியவர் ‘ப்பா’ போடுகிறார், தரகர் ‘ங்க’ போடுகிறார். அதிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது. கொங்குப் பேச்சு எழுத்தாளருக்குத் தரும் மிகப் பெரிய வசதி இதுதான். மூன்றாவது வடிவத்தில் குறியையும் எடுத்துவிடலாம்:

தரகர் துண்டை விரித்தார். பெரியவர் கையை உள்ளே நுழைத்தார். இதுக்குக் கட்டாதப்பா. மயிலைதானுங்க மாமா, பல்லு இன்னும் போடலீங்களே. பல்லு போட்டிருந்தா நீ எதுக்கப்பா, நானே சந்தைக்கு ஓட்டீட்டுப் போயிருப்பனே. துண்டுக்குள் இரண்டு விரல்கள் அசைந்தன. கன்று வாலைச் சுழற்றியது.

இதுவும் நிற்கிறது. பேச்சும் விரலசைவும் கன்றின் வாலும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. வாயால் சொல்லும் விலையும் விரலால் சொல்லும் விலையும் வேறு வேறாக இருக்கும் ஒரு காட்சிக்கு இந்தக் கலப்பு பொருத்தமானது. நாலாவதில் கதைசொல்லியும் ஊர்ப்பேச்சுக்கு வருகிறார்:

தரகரு துண்டை விரிச்சாரு. பெரியவரு கையை உள்ள உட்டாரு. இதுக்குக் கட்டாது. மயிலையா இருந்தாலும் பல்லு இன்னும் போடல. சந்தைக்கு ஓட்டீட்டுப் போனா எச்சாப் போகும். தரகரு துண்டை உருவுனாரு.

‘சந்தைக்கு ஓட்டீட்டுப் போனா எச்சாப் போகும்’, அதாவது கூடுதல் விலைக்குப் போகும் என்றது யார்? பெரியவர் மிரட்டியதாக இருக்கலாம், கதைசொல்லி பக்கத்தில் நின்று சொன்னதாகவும் இருக்கலாம். ‘பல்லு போடல’ என்பதைப் பெரியவர் தானே ஒப்புக்கொண்டதாகக்கூடப் படிக்க முடிகிறது. கதையின் பேரமே தலைகீழாகிவிட்டது. இங்கே குறி போனது மட்டும் காரணமில்லை. ஊர்ப்பேச்சுக் கதைசொல்லி அடுத்தவர் பேச்சைத் தன் வாயில் வாங்கிச் சொல்லும்போது ‘ப்பா’வும் ‘ங்க’வும் உதிர்ந்துபோகின்றன. எழுதுகிறவருக்கு அது தெரிவதில்லை, அவர் காதில் இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால்.

யார் பேசுகிறார் என்று வாசகருக்குக் காட்ட நம்மிடம் இருப்பவை நாலே அடையாளங்கள்: மேற்கோள் குறி, ‘என்றார்’ போன்ற சொல், கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் உள்ள மொழி வேறுபாடு, விளியும் மரியாதைச் சொல்லும். எந்தப் பத்தியை எடுத்தாலும் இவற்றில் இரண்டு நின்றாக வேண்டும். மூன்றாவது வடிவத்தில் மொழி வேறுபாடும் மரியாதைச் சொல்லும் நின்றன. அதனால் படிக்க முடிந்தது. நாலாவதில் ஒன்றுகூட மிச்சமில்லை. அதைக் காப்பாற்ற மேற்கோள் குறியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றில்லை. பழமை பேசுகிறவர்கள், அதாவது ஊரில் சும்மா பேசிக்கொண்டிருப்பவர்கள், எப்போதும் செய்வதைச் செய்தால் போதும்:

தரகரு துண்டை விரிச்சாரு. பெரியவரு கையை உள்ள உட்டாரு. உட்டவரு, இதுக்குக் கட்டாதப்பான்னாரு. மயிலைதானுங்க, பல்லு இன்னும் போடலீங்களேன்னு இவரு இழுத்தாரு. பல்லு போட்டிருந்தா நீ எதுக்கப்பான்னாரு அவரு.

‘ன்னு’வும் மரியாதைச் சொல்லும் இரண்டாகிவிட்டன. குரலும் கலையவில்லை.

மேற்கோள் குறி இல்லாமல் எழுதுவது

ஆங்கிலத்தில் குறியை எடுப்பது பெரிய உடைப்பு. தமிழில் அப்படி இல்லை. ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. அச்சோடு வந்து சேர்ந்த பழக்கம் அது. அதற்கு முன்பெல்லாம் ‘என’, ‘என்று’ என்ற சொற்களே பேச்சின் எல்லையைக் காட்டின, இன்றும் காட்டுகின்றன. ஆகையால் குறியை விடும் தமிழ் எழுத்தாளர் புதிதாக ஒன்றை உடைக்கவில்லை, பழைய வழிக்குத் திரும்புகிறார் என்றே சொல்லலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘என்று’ பேச்சு முடிந்த பிறகுதான் வரும். முப்பது சொல் நீளத்துக்குப் போன பேச்சின் கடைசியில் ‘என்றார்’ வந்தால், அதுவரை படித்ததெல்லாம் கதைசொல்லியின் கூற்று என்று வாசகர் எடுத்துக்கொண்டிருப்பார். திரும்பப் படிக்க வேண்டும். இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. பேச்சைப் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் நிறுத்தலாம். நீளும் பேச்சாக இருந்தால் விளியை முதலில் வைக்கலாம்: ‘ஏனுங் மாமா’ என்று தொடங்கிய உடனே பேச்சு என்று தெரிந்துவிடும். அல்லது வினையை முன்னால் கொண்டுவந்து, ‘பெரியவர் கேட்டார்:’ என்று திறக்கலாம். மூன்றாவதை ஒரு பக்கத்தில் இரண்டு முறைக்கு மேல் செய்தால் நாடகப் பிரதிபோல ஆகிவிடும்.

நினைப்பும் பேச்சும் கலப்பது இன்னொரு விளைவு. ‘இது தேறாது என்று’ வரை ஒன்றாகவே இருந்து, ‘சொன்னார்’, ‘நினைத்தார்’ என்ற கடைசிச் சொல்லில்தான் பிரிகிறது. துண்டுப் பேரக் காட்சிக்கு இது வரம். மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் வந்து சொல்லும் காட்சிக்கு இது கேடு. யார் எதை வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதே அங்கே கதை.

குறிக்குப் பதிலாகக் கோடு போடுவது பாதி வழி. பேச்சு தொடங்கும் இடத்தைக் கோடு காட்டும். முடியும் இடத்தைக் காட்டாது. ஆகவே கோட்டு வரியில் பேச்சுக்குப் பின் செயலை எழுதக் கூடாது; செயல் அடுத்த வரிக்குப் போக வேண்டும். கணினியில் சிறுகோடும் இடைவெளியும் அடித்தால் பல மென்பொருள்கள் அதைப் பட்டியலாக மாற்றி உள்தள்ளிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நீளக் கோட்டை அடித்து, தானியங்கிப் பட்டியல் வசதியை அணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஊர்ப்பேச்சை எவ்வளவு எழுதுவது

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. விலையை ‘வெலை’ என்றும் உலக்கையை ‘ஒலக்கை’ என்றும் எழுதிவிட்டால் கொங்குத்தமிழ் வந்துவிட்டது என்று நினைப்பது முதல் தவறு. இகரம் எகரமாவதும் உகரம் ஒகரமாவதும் தமிழ்நாடு முழுக்க நடப்பது. அதை எழுதுவதால் வாசகரின் வேகம் குறையும், ஊர் தெரியாது. ஊரைக் காட்டுபவை வேறு: எதன் மேலும் ஏறி உட்காரும் ‘ங்க’, ‘அவனாட்ட’ (அவனைப் போல) என்ற ‘ஆட்ட’, ‘சொல்லிப்போட்டு வந்தாரு’ என்ற ‘போட்டு’, ‘அவிய’, ‘இவிய’ (அவர்கள், இவர்கள்), அப்பறம் உறவுப் பெயர்களும் பொருட்பெயர்களும். ஒலியைக் குறைத்து, சொல்லையும் விகுதியையும் கூட்டினால் ஊர் தானாக வந்துவிடும்.

இரண்டாவது தவறு, இரண்டாம் வேற்றுமை ஐயை அகரமாக எழுதுவது. வாயில் ‘ஆட்ட ஓட்டீட்டுப் போனான்’ என்றுதான் வருகிறது. தாளில் அப்படி எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ‘ஆட்ட’ என்பது ஆட்டை என்பதாக இருக்கலாம், ஆட்டுவதற்கு என்ற வினையெச்சமாக இருக்கலாம், கொங்கின் ‘போல’ என்ற ஆட்டவாகவும் இருக்கலாம். ‘கிடாயாட்ட நின்னான்’ என்ற அழகான வரி, நாலு வரி முன்னால் ஆட்டையும் ‘ஆட்ட’ என்று எழுதியிருந்தால் அடிபட்டுப் போகும். ‘மாட்ட’, ‘பாட்ட’ எல்லாவற்றுக்கும் இதே கதி. ஐயை ஐயாகவே எழுதுங்கள்: ஆட்டை, மாட்டை, துண்டை. படிக்கிறவர் வாய் அதைத் தானே அகரமாக்கிக்கொள்ளும்.

ஒற்றெழுத்தையும் இப்படித்தான் யோசிக்க வேண்டும். ஊர்ப்பேச்சு என்பதற்காக வல்லொற்றை மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேலை கொடுத்தான் என்றால் பணி. வேலைக் கொடுத்தான் என்றால் கையில் பிடிக்கும் வேல். பொருள் மாறும் இடத்தில் ஒற்றை விடவே கூடாது. மற்ற இடங்களில் விடுவதா வைப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் முதல் பக்கத்தில் எடுத்த முடிவு கடைசிப் பக்கம் வரை நிற்க வேண்டும்.

‘ங்க’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சில் அது ‘ங்’ என்றே பாதியில் நிற்கும்: வாங், சரீங், ஏனுங். தமிழில் ங் என்ற எழுத்தோடு சொல் முடிவதில்லை. வெளியூர் வாசகர் ஒவ்வொரு முறையும் அங்கே தடுக்குவார். விளியில் மட்டும் ‘ஏனுங்’ என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லா இடத்திலும் ‘ங்க’ என்று எழுதுவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. எண்ணிக்கையும் முக்கியம். உண்மைப் பேச்சில் ஒரே மூச்சில் நாலு ‘ங்க’ வரும். தாளில் ஒருவர் பேசும் ஒரு தடவைக்கு ஒன்று போதும்.

ஆனால் குறைக்கிறேன் என்று கண்டபடி உதிர்த்துவிடக் கூடாது. ‘ங்க’ வெறும் அலங்காரமாக நிற்பது இல்லை. யார் யாருக்குக் கீழே நிற்கிறார் என்பதை அது காட்டுகிறது. நிலத்துக்காரரான பண்ணாடியிடம் இருபது வருடமாக ‘சரீங்க’ என்று சொன்னவர் ஒரு நாள் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தால், அதுவே அந்தக் கதையின் உச்சம். அதுவரை ஒவ்வொரு பேச்சிலும் ‘ங்க’ சரியாக விழுந்திருந்தால்தான் அந்த ஒற்றைச் ‘சரி’ வாசகர் காதில் அறையும். எழுத்தாளரின் கவனக்குறைவால் ஏற்கனவே நாலு இடத்தில் உதிர்ந்திருந்தால் உச்சம் காணாமல் போய்விடும்.

எல்லாரையும் ஒரே கொங்குத்தமிழில் பேச வைப்பதும் பொய்தான். நிலம் வைத்திருப்பவர்களின் பேச்சையே மொத்தக் கொங்குப் பேச்சாக எழுதும் வழக்கம் வலுவாக இருக்கிறது. ஆனால் ஒரே ஊரில் வளவுக்கு வளவு (குடியிருப்புக்குக் குடியிருப்பு) உறவுச்சொல் மாறும். வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனியில் தென்மாவட்டத்துக்காரரும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவரும் ஒரே மேசையில் வேலை பார்க்கிறார்கள். அங்கே எல்லாரும் ‘ஏனுங்’ என்றால் ஊரே அழிந்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவர் மட்டும் சொல்லும் இரண்டு சொல்லையும், அவர் ஒருபோதும் சொல்லாத ஒரு சொல்லையும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவது பலன் தரும்.

கதைசொல்லி எந்த மொழியில்

பொதுத்தமிழ், முழு ஊர்ப்பேச்சு என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பெயர்ச்சொல் கொங்கு, வினைமுற்று பொது. ‘பொழுது சாய இட்டேரி வழியாக நடந்து கட்டுத்தறிக்கு வந்தார்.’ வேலிகளுக்கு நடுவே போகும் வழியான இட்டேரியும் கட்டுத்தறியும் ஊரை நிறுத்துகின்றன. ‘வந்தார்’ எந்த ஊர் வாசகரையும் கூட்டிக்கொண்டு போகிறது. பாத்திரங்களின் பேச்சிலிருந்து கதைசொல்லி தள்ளியே நிற்பதால் மேற்கோள் குறியை எடுக்கவும் இடம் கிடைக்கிறது. நாவல் நீளத்துக்கு இதைவிட உறுதியான தேர்வு இல்லை என்றே சொல்வேன். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். ஷண்முகசுந்தரத்தின் நாகம்மாள் 1942-இல் வந்தது. கொங்கு வட்டார நாவலின் தொடக்கமாக அது பேசப்படுகிறது. அன்றைக்கு ஊர்ப்பேச்சை அச்சில் ஏற்றியதே மீறல். இன்று அது வழக்கமாகிவிட்டது. அதனால் இன்று ஊர்ப்பேச்சை எழுதுவதாலேயே ஒரு கதை புதிதாகிவிடாது.

முழு ஊர்ப்பேச்சுக் கதைசொல்லி சிறுகதைக்குப் பொருந்துவார். கதை சொல்கிறவர் யார், யாரிடம் சொல்கிறார் என்று முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்து பேத்தியிடம் சொல்கிற ஆத்தாள் என்றால் அவள் ‘கண்ணு’, ‘சாமி’ என்று நடுநடுவே கூப்பிடுவாள். அந்த விளி ஒவ்வொன்றும் வாசகருக்கு மூச்சு விடும் இடம். கேட்கிற ஆள் இல்லாமல் காற்றில் பேசும் ஊர்ப்பேச்சுக் கதைசொல்லி இரண்டாயிரம் சொல்லுக்கு மேல் தாங்குவதில்லை.

வட்டாரச் சொல்லை விளக்குவதா வேண்டாமா என்பதில், கவலை தேவைப்படாத சொல்லைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். பொடக்காலி (புழக்கடை), தொறப்புக்குச்சி (சாவி), ஒறம்பரை (உறவினர்) போன்றவை வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தெரியாது என்பது அவருக்கே தெரியும். இடத்தை வைத்து ஊகித்துவிடுவார், அல்லது பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் புரட்டுவார். ஆபத்து, தெரிந்த சொல்போல வரும் சொற்களில் இருக்கிறது. ‘இரண்டு பேரும் பழமை பேசினார்கள்’ என்றால் வெளியூர்க்காரர் பழைய கதை பேசினார்கள் என்று படித்துக்கொண்டு போய்விடுவார். சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு எட்டாது. ஆசாரம் என்றால் ஒழுக்கம் என்று நினைப்பார். வீட்டின் முன்கூடம் என்று தோன்றாது. நங்கை என்றால் இளம்பெண் என்று நினைப்பார், அண்ணி என்று தோன்றாது. கட்டுத்தறி என்றால் ஒற்றைக் கம்பம் என்று நினைப்பார். மாடு கட்டும் இடம் முழுவதும் என்று தோன்றாது. இந்தச் சொற்கள் முதல் முறை வரும் வாக்கியத்திலேயே பொருளைச் செயலால் காட்டிவிட வேண்டும்: ‘அண்ணன் கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து நங்கை அவளோடு பேசவில்லை.’ அடிக்குறிப்பு தேவைப்படாது. கதை ஓட்டத்தில் அடிக்குறிப்பு எண் வருவது, பேச்சின் நடுவே யாரோ தோளைத் தட்டுவதுபோல இருக்கும்.

காலமும் வாக்கிய நீளமும்

நிகழ்காலக் கதைசொல்லல் தமிழில் எதிர்பார்த்த வேகத்தைத் தருவதில்லை. அதற்குக் காரணம் ஒலியில் இருக்கிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். இறந்தகாலத்தில் வந்தார், போனார், எடுத்தார், கேட்டார், நின்றார், சொன்னார் என்று ஒவ்வொரு முடிவும் வேறு ஒலி. நிகழ்காலத்தில் வருகிறார், போகிறார், எடுக்கிறார், கேட்கிறார், நிற்கிறார். பத்து வாக்கியமும் ‘கிறார்’ என்று முடியும், ஒவ்வொன்றும் இறந்தகால வடிவத்தைவிட நீளம். வேகத்துக்காக எடுத்த முடிவு நடையைத் தளர்த்திவிடுகிறது. முழுக்கதையும் நிகழ்காலத்தில் வேண்டும் என்றால் இரண்டு வாக்கியத்துக்கு ஒன்றை வினைமுற்று இல்லாமல் முடிக்க வேண்டியிருக்கும்: ‘துண்டுக்குள் விரல். வெளியே சிரிப்பு.’

அதைவிட, இறந்தகாலக் கதையில் ஓரிடத்தில் மட்டும் காலத்தை மாற்றுவது நன்றாக வேலை செய்கிறது. ‘விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்’ முக்காலமும் பிறழலாம் என்று நன்னூலே விட்டுக்கொடுத்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறாரே, அது விரைவினால் வந்த பிறழ்ச்சி. தினமும் நடந்ததைச் சொல்ல ‘வருவாரு, கட்டிலை இழுத்துப் போடுவாரு, ஒரு பொழுது பேச மாட்டாரு’ என்ற எதிர்கால வடிவம் ஊர்ப்பேச்சிலேயே இருக்கிறது. அரைப் பக்கத்துக்கு அது அழகு.

நீள வாக்கியத்தை விரும்புகிறவருக்குத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது. வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போகலாம். உடைவது எங்கே என்றால், எழுவாய் மாறும்போது. ‘தரகர் துண்டை விரித்து, பெரியவர் கையை நுழைத்து, கன்று தலையை ஆட்டியது’ என்பது தவறு. விரித்து, நுழைத்து என்ற ‘செய்து’ வாய்பாடு கடைசி வினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கேட்கும். அப்படிப் பார்த்தால் கன்றுதான் துண்டை விரித்தது. ‘தரகர் துண்டை விரிக்க, பெரியவர் கையை நுழைக்க, கன்று தலையை ஆட்டியது’ என்று ‘செய’ வாய்பாட்டுக்கு மாற்றினால் எத்தனை எழுவாய் வேண்டுமானாலும் வரலாம். ‘மழை பெய்து வெள்ளாமை விளைந்தது’ போலக் காரணமும் விளைவுமாக வருவதை வழக்கு ஏற்றுக்கொள்கிறது. மற்ற இடங்களில் ஏற்காது. ஒரு பக்க நீள வாக்கியம் எழுதியவர்கள், அதில் உள்ள ஒவ்வொரு வினையெச்சத்துக்கும் எழுவாய் யார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில்தான் பெரும்பாலான நீள வாக்கியங்கள் விழுகின்றன.

எந்தக் கதைக்கு எது

நாவல் என்றால்: இறந்தகாலம், பெயர்ச்சொல் கொங்காகவும் வினை பொதுவாகவும் உள்ள கதைசொல்லி, ஊர்ப்பேச்சு உரையாடல். மேற்கோள் குறியை எடுப்பதாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். நடுவில் எடுத்தால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். ஒரே காட்சியில் நாலு பேருக்கு மேல் பேசும் நாவல், அதாவது பங்காளிகள் கூடிப் பாகம் பிரிப்பது, திருவிழாவான நோம்பிக்கு ஊர்க்கூட்டம் போடுவது போன்றவை நிறைந்த நாவல் என்றால் குறியை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ‘ங்க’ போட்டுப் பேசும் இடத்தில் மரியாதைச் சொல் ஆளைப் பிரித்துக் காட்டாது.

சிறுகதை, அதுவும் ஒரே ஆளின் குரல் என்றால் முழு ஊர்ப்பேச்சும் ‘ன்னு’ முடிவும் சேர்ந்து போகும். பத்திரிகைக்கு அனுப்பும் கதையில் குறியை வைப்பது பாதுகாப்பு. குறுகிய பத்தி அகலத்தில் வரி உடையும்போது, குறியில்லாத பேச்சு பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த வரியில் கதைசொல்லியின் குரலாகிவிடும்.

முடிவெடுத்த பிறகு இரண்டு பக்கத்தைச் சோதித்துப் பாருங்கள். கொங்கு வாசகர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தவரோ யாழ்ப்பாணத்தவரோ ஒருவர். இருவரிடமும் ஒவ்வொரு பேச்சு வரியின் ஓரத்திலும் பேசுகிறவரின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். இருபது வரியில் இரண்டு தவறினால் பரவாயில்லை. அதற்கு மேல் தவறினால் அந்த இடத்தில் நாலு அடையாளங்களில் ஒன்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொங்கு வாசகர் மட்டும் சரியாகப் போட்டு மற்றவர் தவறினால், மரியாதைச் சொல்லை மட்டுமே நம்பி எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கடைசியில் மெய்ப்பு. வேண்டுமென்றே செய்த மீறலை எல்லாம் நல்ல மனத்தோடு திருத்திவிடுவது மெய்ப்புத் திருத்துகிறவரின் வேலை. அவரைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் பிரதியோடு ஒரே ஒரு பக்கத்தில் நடைத்தாள் கொடுங்கள்: ‘ங்க’ எங்கே, ‘ங்’ எங்கே, ‘ஓட்டீட்டு’ நெடில், தாத்தாவைக் குறிக்கும் சொல் ‘அப்பாறு’வா ‘அப்பாரு’வா, ஐ மாறாது, குறி கிடையாது, காலம் மாறும் பக்கங்கள் இவை இவை. கைப்பேசியில் தட்டச்சு செய்தவர்கள், பரிந்துரைச் சொல் ‘ஓட்டீட்டு’வை ‘ஓட்டிட்டு’ ஆக்கியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். மொத்தமாகத் தேடி மாற்றும் வசதியை ‘ங்க’வுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், தங்கம், சங்கம், மங்கலம் எல்லாம் அதில் மாட்டும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கையில் வந்ததும் ‘ஆட்ட’ என்ற சொல்லை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி, அது ஆடா, ஆட்டுவதா, ‘போல’வா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.